செட்டிநாட்டு இலையில் காய்கறிக்கு முதலிடம்: தாவர உணவும் நாள்பட்ட நோய்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துக் குடும்பங்களுக்கு உணவு ஆலோசனை சொல்லும்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், மாரடைப்பு, பக்கவாதம், சிலவகைப் புற்றுநோய்கள் ஆகியவற்றையே நாள்பட்ட நோய்கள் என்று குறிப்பிடுகிறேன்.

மூன்று தலைமுறையாக நாங்கள் சைவம். ஆனாலும் வீட்டில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. பிறகு தாவர உணவு எதைக் காப்பாற்றும்?

மற்ற எல்லாப் பதில்களும் இந்தப் பதிலைப் பொறுத்தவை என்பதால் இதை முதலில் வைத்திருக்கிறேன். கறியும் மீனும் இலையில் இல்லை என்பதே பாதுகாப்பு ஆகிவிடாது. காலையில் வெள்ளைப் பணியாரம், நடுப்பகலில் குவித்துப் போட்ட வெள்ளைச் சோறு, தொட்டுக்கொள்ள எண்ணெயில் முறுகலாக வறுத்த உருளைக்கிழங்கும் அப்பளமும், மாலையில் தேன்குழலும் சர்க்கரை போட்ட காப்பியும். காப்பியில் ஊற்றிய பாலைத் தவிர இவை எல்லாம் செடி கொடிகளிலிருந்து வந்தவைதாம். உடம்புக்கு இவை செய்யும் நன்மை மிகக் குறைவு.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வேறுபாட்டையே பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மருத்துவத் துறைப் பணியாளர்களை இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். முழுத் தானியம், பருப்பு, காய், பழம், கொட்டை என்று தேர்ந்து சாப்பிட்டவர்களில் மிக முன்னே நின்றவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. தீட்டிய மாவு, இனிப்பு, சர்க்கரைப் பானம் என்று தாவர உணவிலேயே மோசமானவற்றை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடியது. மறு ஆண்டு வெளியான இதயநோய் ஆய்விலும் இதே போக்குதான்.

எனவே இந்தப் பக்கத்தில் தாவர உணவு என்று நான் சொல்வது காய், கீரை, பருப்பு, பயறு, அதிகம் தீட்டாத தானியம், பழம், கொட்டை ஆகியவை பெரும்பங்கு வகிக்கும் சாப்பாட்டை. பாலும் தயிரும் அளவோடு இருக்கலாம். முட்டையோ மீனோ எப்போதாவது இருந்தாலும் அது குலைந்துவிடாது.

செட்டிநாட்டுச் சமையல் என்றாலே கோழியும் நண்டும்தானே? இங்கே இது எப்படி ஒத்துவரும்?

கடைப் பலகைகளைப் பார்த்து வரும் எண்ணம் இது. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், சிவநெறியினர்; ஒன்பது நகரக் கோயில்களைச் சுற்றி அமைந்த வாழ்க்கை. இன்றும் நகரத்தார் வீட்டுக் கல்யாணப் பந்தி சைவம்தான். தைப்பூசத்துக்குக் காவடியோடு குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடப்பவர்களின் சாப்பாடும் அப்படியே. அந்தப் பந்திகளுக்காகவே காலங்காலமாகத் தேறிவந்த காய்கறிச் சமையல் ஒன்று இங்கே இருக்கிறது. மண்டி, கோசுமல்லி, இளங்குழம்பு, துவட்டல், வாழைப்பூக் கூட்டு, பறங்கிக்காய்ப் புளிக்கறி, பலாக்காய்ப் பிரட்டல் என்று சொல்லிக்கொண்டே போகலாம். வெளியூர் உணவகங்களில் இவற்றில் பாதி கிடைக்காது. நம் பிள்ளைகளுக்கே பெயர் தெரியாமல் போய்விடுமோ என்ற கவலை எனக்கு உண்டு.

வெண்டைக்காய் மண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியை முதலில் கழுவிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாம் முறை களைந்த தண்ணீரில் புளியைக் கரைத்து வைப்பார்கள். வாணலியில் கொஞ்சம் நல்லெண்ணெய். கடுகும் வெந்தயமும் பொரிந்ததும் சின்ன வெங்காயம், பூண்டு, கீறிய பச்சை மிளகாய். வெண்டைக்காயைப் பிசுபிசுப்பு அடங்கும்வரை வதக்கிச் சேர்த்து, முன்பே வேகவைத்த மொச்சையையும் போட்டு, புளித்தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவிட்டால் களைந்த தண்ணீரின் மாவே குழம்பைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். தேங்காய் அரைக்க வேண்டாம், மசாலாப் பொடி வேண்டாம். இரண்டு பேருக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய் தாராளம். மொச்சையின் புரதம், வெண்டைக்காயின் கரையும் நார்ச்சத்து, வெந்தயம் மூன்றும் ஒரே கிண்ணத்தில் வந்துவிடுகின்றன. இரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் கட்டுக்குள் இருக்க வேண்டியவருக்கு நான் பரிந்துரைக்கும் முதல் உணவு இதுதான்.

கோசுமல்லியும் அப்படித்தான். கத்தரிக்காயை வேகவைத்தோ சுட்டோ மசித்துப் புளித்தண்ணீரில் கரைப்பது. இட்லி, இடியாப்பத்துக்குத் தேங்காய்ச் சட்டினி அரைக்கும் நாட்களில் பாதியைக் கோசுமல்லிக்கு மாற்றினாலே போதும். கொழுப்பு குறைந்து காய் கூடிவிடும்.

இப்படிச் சாப்பிட்டால் உடம்புக்குள் என்னதான் நடக்கிறது?

நார்ச்சத்து மாவுச்சத்தின் செரிமானத்தை மெதுவாக்குகிறது. அதனால் சர்க்கரை இரத்தத்தில் திடீரென ஏறுவதில்லை. வெண்டை, அவரை, பயறு வகைகளில் உள்ள கரையும் நார் குடலில் பித்தநீரைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறது. புதிய பித்தநீர் சுரக்க, கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்டிராலை எடுத்துக்கொள்கிறது. செரிக்காத மீதி நாரைப் பெருங்குடல் நுண்ணுயிரிகள் உண்டு, குடல் சுவரைக் காக்கும் அமிலங்களை உண்டாக்குகின்றன. காய், பழம், கீரையில் உள்ள பொட்டாசியம் உப்பின் தாக்கத்தைத் தணித்து இரத்த நாளங்களைத் தளர்த்துகிறது.

1997இல் அமெரிக்காவில் வெளியான 'டாஷ்' ஆய்வில் காயும் பழமும் கூட்டி, கொழுப்பு குறைந்த பாலும் சேர்த்துச் சாப்பிட்ட உயர் இரத்த அழுத்தக்காரர்களுக்கு எட்டு வாரத்தில் மேல் அளவு சராசரியாக 11 புள்ளி குறைந்தது. உப்பைக் குறைக்கச் சொல்லாமலேயே கிடைத்த பலன் அது.

நமக்கு இது ஏன் அவசரம் என்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் சொன்ன கணக்கின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். உணவு மாற்றத்தால் மிக அதிகமாகப் பயன்பெறக் கூடியவர்கள் அந்த இரண்டாவது கூட்டத்தினர்.

சோற்றைக் குறைத்தால் வயிறு நிறையாதே?

சோற்றை மட்டும் குறைத்தால் நிறையாதுதான். அதனால்தான் பலர் நாலு நாளில் பழைய பாதைக்குத் திரும்பிவிடுகிறார்கள். குறைத்த இடத்தை வேறொன்று நிரப்ப வேண்டும்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படுபவருக்குச் சமைக்காத எடையில் தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85 கிராம், காயும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டை விதைகள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம், பால் 300 மில்லி என்று கணக்கிட்டிருக்கிறது. ஆலோசனைக்கு வருபவர்களிடம் கேட்டால் தானியம் இதைத் தாண்டிப் போயிருக்கும். காய் இதில் பாதியைக்கூடத் தொட்டிருக்காது.

21 நாடுகளில் நடந்த 'பியூர்' ஆய்வு 2020இல் வெள்ளை அரிசியையும் சர்க்கரை நோயையும் சேர்த்துப் பார்த்தது. நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிடுவோருக்கு ஆபத்து கூடியது. அந்தத் தொடர்பு மிக வலுவாகத் தெரிந்தது தெற்காசியாவில்.

நான் சொல்லும் வழி இது. இலையிலோ தட்டிலோ முதலில் காய் இரண்டு வகை, ஒரு கிண்ணம் பருப்போ சுண்டலோ வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதியைச் சோறு வரும் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். காயும் பருப்பும் முதலில் போய்ச் சோறு கடைசியில் போனால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவாக ஏறுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிறகு வரும் சோறு தானாகவே ஒரு கரண்டி குறையும். வரகு, குதிரைவாலி இரண்டும் சிவகங்கை, இராமநாதபுரம் வானம் பார்த்த பூமியின் பயிர்கள். வாரத்தில் சில நாள் அவற்றைச் சமைக்கலாம். அவற்றிலும் மாவுச்சத்து நிறையவே இருக்கிறது. அளவு தப்பினால் பலன் போய்விடும். கடையில் வாங்கும்போது வெள்ளை வெளேரென்று தீட்டியதைத் தவிருங்கள்.

கவுனி அரிசி சர்க்கரையைக் குறைக்கும் என்கிறார்களே?

பர்மாவுக்கு வணிகம் செய்யப் போனவர்களோடு வந்ததாகச் சொல்லப்படும் அரிசி இது. நம் விருந்துகளின் பெருமை. கருநிறத் தவிட்டில் நல்ல நிறமிச் சத்துகள் உண்டு, நாரும் உண்டு. ஆனால் இது ஒட்டும் தன்மையுள்ள அரிசி, மாவுச்சத்தில் குறைவில்லை. அதோடு நாம் இதை எப்போதும் சர்க்கரை, தேங்காய், நெய் சேர்த்துத்தான் உண்கிறோம். அந்த வடிவில் இது இனிப்புதான். இனிப்பில்லாமல் கஞ்சியாகக் காய்ச்சி, கூடவே பயறும் காயும் வைத்துக்கொண்டால் வெள்ளைச் சோற்றைவிட மேல். மருந்தாக நினைத்து உண்ண வேண்டாம்.

கருப்பட்டி, வெல்லம்?

சர்க்கரையேதான். தாதுச் சத்து சிறிது கூடுதல். இரத்தத்தில் ஏறும் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை.

இடைப்பலகாரம் இல்லாமல் எங்கள் மாலை நேரம் கழியாது. வீட்டுக்கு வருபவர்களுக்கு என்ன கொடுப்பது?

இதை யாரிடமும் நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. நாலு மணிக்கு முகப்பில் உட்கார்ந்திருக்கும் விருந்தினருக்குத் தட்டில் ஏதாவது வைக்காமல் அனுப்புவது இந்த ஊரில் நடக்காத காரியம். தட்டில் என்ன வைக்கிறோம் என்பதை மாற்றலாம்.

பச்சரிசியும் உளுந்தும் அரைத்து எண்ணெயில் ஒவ்வொன்றாக ஊற்றி எடுக்கும் வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், மனகோலம், சீப்புச் சீடை எல்லாம் நோன்புக்கும் கல்யாணத்துக்கும் மணிவிழாச் சாந்திக்கும் செய்தவை. வீட்டுப் பெண்கள் கூடிச் செய்ய வேண்டிய அளவு வேலை இருந்ததால் அவை அடிக்கடி வரவில்லை. இன்று காரைக்குடியில் கடைக்குக் கடை கிலோ கணக்கில் பாக்கெட்டாகக் கிடைக்கின்றன. விசேஷத்துக்கு உரியது தினசரி ஆனதுதான் நம் பெரிய சிக்கல் என்று நான் உறுதியாக நம்புகிறேன். விசேஷ நாளில் சாப்பிடுங்கள், மனநிறைவோடு சாப்பிடுங்கள். மற்ற நாளில் சம்படத்தில் வைத்திருக்காதீர்கள்; கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் கை போகும்.

அன்றாட இடைப்பலகாரத்துக்குத் தட்டைப்பயறு, மொச்சை, கொண்டைக்கடலைச் சுண்டல் போதும். குழிப்பணியாரச் சட்டியில் குழிக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டு, மாவில் முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் கலந்து ஊற்றலாம். வேகவைத்த நிலக்கடலையும் நல்லதுதான். கும்மாயத்தில் உளுந்தும் பாசிப்பருப்பும் இருப்பதால் அதைச் சத்தானது என்று தினமும் கிண்டுபவர்கள் உண்டு. அதில் போகும் கருப்பட்டியையும் நெய்யையும் கணக்கில் சேர்த்தால் ஆடி மாதத்தோடு நிறுத்திக்கொள்ளத் தோன்றும்.

எந்த எண்ணெய், எவ்வளவு?

நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நம் சமையலுக்குப் பொருத்தமானவை. பாமாயிலில் ஏறக்குறையப் பாதியும் தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கும் நிறைவுற்ற கொழுப்பு. கெட்ட கொலஸ்டிராலை உயர்த்துவது அது. நல்லெண்ணெயில் அது ஏழில் ஒரு பங்குக்கு அருகில்தான்.

வகையைவிட அளவில்தான் தவறு நடக்கிறது. நாளுக்கு 27 கிராம் என்றால் ஒருவருக்கு மாதம் ஒரு லிட்டருக்கும் கீழே. இரண்டு பேர் உள்ள வீட்டில் மாதம் இரண்டு லிட்டருக்குள் முடிய வேண்டும், பொரிப்பதும் தாளிப்பதும் சேர்த்து. மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள்.

உப்பு?

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை நாளுக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி. இரண்டு பேருக்கு ஒரு கிலோ பாக்கெட் மூன்று மாதத்தைத் தாண்டி வர வேண்டும். நம் வீடுகளில் உப்பு ஒளிந்திருக்கும் இடங்கள் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், வற்றல். சுண்டைக்காயையும் மணத்தக்காளியையும் வற்றலாக்காமல் பச்சையாகவே குழம்பில் போட்டால் உப்பும் குறையும், பொரிக்கும் எண்ணெயும் மிச்சம்.

கறியை முழுவதும் விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம், நீங்களே விரும்பினால் தவிர. வாரத்தில் நாலைந்து நாள் ஆட்டுக்கறி வாங்குபவர் அதை ஒரு நாளாக்கி, அந்த ஒரு நாளிலும் காய் இரண்டு வகை வைத்தால் பெரிய மாற்றம். நண்டு, மீன் குழம்பைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. வறுவலை மட்டும் குறையுங்கள்.

உப்புக்கண்டத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உப்பிட்டோ புகையிட்டோ பதப்படுத்திய இறைச்சியைப் பெருங்குடல் புற்றுநோய்க்குக் காரணமானதாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியது. உப்பிட்டு வெயிலில் காயவைக்கும் நம் உப்புக்கண்டமும் அந்த வகையில் சேரும். ஆண்டில் ஓரிரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புரதமும் வைட்டமின் பி12ம் எங்கிருந்து வரும்?

புரதம் பற்றிப் பயம் வேண்டாம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 50 கிராம் தேவை. மேலே சொன்ன அளவில் பருப்பு, தானியம், கொட்டை, பால் எல்லாம் சேர்ந்தால் அது கிடைத்துவிடும். சாம்பாரின் தெளிவை மட்டும் ஊற்றிக்கொண்டால் கிடைக்காது. அடியில் நிற்கும் பருப்பு தட்டுக்கு வர வேண்டும். கீரை, பயறு இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட வேண்டும். சாப்பிட்ட கையோடு காப்பி, தேநீர் குடித்தால் அது தடைபடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

பி12 விஷயத்தில் சமாதானம் கிடையாது. செடிகொடிகளில் அது இல்லை. பழைய சோற்றையும் சுருள்பாசியையும் (ஸ்பைருலினா) நம்பியிருக்க முடியாது. பால், தயிர், முட்டை அளவோடு சாப்பிடுபவர்களுக்கும் குறையலாம். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்களுக்கு இன்னும் அதிகமாகக் குறையும். கால் மரத்துப்போவதைச் சர்க்கரையின் விளைவு என்றே எண்ணி விட்டுவிடாமல் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். பாலையும் விட்டவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரையாக எடுத்தே ஆக வேண்டும்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறேன். உணவை மாற்றினால் நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. உணவு வேலை செய்யத் தொடங்கியதும் மருந்தின் அளவு கூடுதலாகிப்போகலாம். இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் சோறு திடீரெனக் குறைந்தால் சர்க்கரை தாழ்ந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் வரக்கூடும். மாற்றத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டு முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளரிடமும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசினோகூமரால் எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அதிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தோடு மோதும்.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி பொருந்தாது. கீரை, வாழைப்பழம், இளநீர், பருப்பு எல்லாமே அவர்களுக்கு அளவு பார்த்துத்தான். கிரியாட்டினின் கூடியிருந்தால் சிறுநீரக மருத்துவர் சொல்லும் பட்டியலை மட்டும் பின்பற்றுங்கள்.

பிள்ளைகள் எல்லாம் சென்னையிலும் சிங்கப்பூரிலும். இவ்வளவு பெரிய வீட்டில் நானும் செட்டியாரும்தான். இரண்டு பேருக்காக இத்தனை வகை சமைக்க முடியுமா?

முடியாது, ஆச்சி, சமைக்கவும் வேண்டாம். கேட்பவர்களில் உங்களைப் போன்றவர்கள்தான் அதிகம். இட்லி மாவும் ஊறுகாயும் வைத்து ஒப்பேற்றி, காயே சமைக்காமல் விட்டுவிடுகிறீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

ஞாயிறு இரவு மொச்சையும் தட்டைப்பயறும் ஊறவைத்து, திங்கள் காலை வேகவைத்து மூன்று டப்பாவில் பிரித்துக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். ஒரு டப்பா மண்டிக்கு, ஒன்று சுண்டலுக்கு, ஒன்று கத்தரிக்காயோடு குழம்புக்கு. மூன்றாவதை உறைபெட்டிப் பகுதியில் வைத்தால் வியாழன், வெள்ளி வரை தாங்கும். நாளுக்கு ஒரு குழம்பு, ஒரு துவட்டல் போதும். குழம்பிலேயே காயை இரட்டிப்பாக்குங்கள். பின்கட்டில் முருங்கையும் கறிவேப்பிலையும் நிற்கும். வாரம் இருமுறை கீரைக்குச் சந்தைக்குப் போக வேண்டியதில்லை. மெல்ல முடியாதவருக்குக் காயைக் குழைய வேகவிட்டு மசித்துக் கொடுக்கலாம், கருணைக்கிழங்கு மசியல் பதத்தில்.

பலன் எப்போது தெரியும்?

இரத்த அழுத்தத்தில் சில வாரங்களில் தெரியும். கொலஸ்டிராலை இரண்டு, மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். எச்பிஏ1சி என்பது கடந்த மூன்று மாத இரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை. அதற்கு முன் எடுத்தால் முழுப் பலன் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொடக்க அளவு வேண்டும் அல்லவா? உணவை மாற்றும் வாரத்திலேயே மூன்றையும் ஒருமுறை எடுத்துத் தேதியோடு எழுதிவையுங்கள்.